‘தொடரும்’ போட்டவர்களை ரசிப்பது எப்படி?

கதவு மெல்லத் திறக்கிறது. கதாநாயகி வீறிடுகிறாள். அத்தியாயம் முடிகிறது. பதறிப்போய்ப் பக்கத்தைப் புரட்டினால், உள்ளே வந்தது காபி டம்ளரோடு மாமியார்! அத்தியாயத்துக்கு ஒரு வீறிடல் என்று போனால், கடைசியில் நிஜமாகவே ஒருவன் கத்தியோடு வரும்போது நமக்கு உறைப்பதில்லை.

தொடர்கதைகளை மொத்தப் புத்தகமாக வாங்கிப் படிப்பவர்களுக்குத்தான் இந்த எரிச்சல் அதிகம். அந்த வீறிடல் அடுத்த இதழுக்காக ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்டது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. வந்தியத்தேவனைப் போன வாரம் எந்த ஆபத்தில் விட்டோம் என்பது வாசகருக்குப் பாதி மறந்திருக்கும். அதனால்தான் ஆசிரியர் குறுக்கே வந்து நம்மைக் கூப்பிட்டு நிறுத்தி, பழைய கதையைச் சொல்லிவிட்டு மேலே நகர்கிறார். ஒரே மூச்சில் படித்தால் அது தொணதொணப்பு. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் புத்தகத்தை எடுக்கும்போது அதே நினைவூட்டல் உபகாரமாகப் படும்.

சாண்டில்யனுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ‘கடல் புறா’வில் காஞ்சனாதேவியோ மஞ்சளழகியோ வந்து நின்றால் போதும், கதை அப்படியே நின்றுவிடும், வர்ணனை தலையிலிருந்து கால்வரை நிதானமாக இறங்கும். இதற்கு வக்காலத்து வாங்க என்னால் ஆகாது. கூசாமல் தாண்டிப் போங்கள். ஆனால் கப்பல்கள் வரும் இடத்தில் நின்று படியுங்கள். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், எதிரி எந்த வழியாக வருவான் என்று அதே நிதானத்தோடு அடுக்குவார். அங்கே அந்த நிதானம் சண்டைக்கு முன்பே நம்மைப் படபடக்க வைக்கும்.

ராஜேஷ்குமாரிடம் தொல்லை வேறு மாதிரி. ஓர் அத்தியாயம் ஒரு கதை, அடுத்தது சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. சூடு பிடிக்கும் நேரத்தில் தடம் மாற்றிவிடுவார். பொறுமை இழந்து ஒரு தடத்தை மட்டும் தாவித்தாவிப் படிக்கிறவர்கள் உண்டு. பாவம், பாதி ருசி போய்விடும். இரண்டும் எங்கே சேரும் என்று பாதியிலேயே உங்களுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு தடத்தில் போகிறபோக்கில் வந்த பெயரோ ஊரோ மறு தடத்தில் தட்டுப்பட்டால் பென்சிலால் ஒரு கோடு. பஸ் ஸ்டாண்டில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடிக்கிற புத்தகத்துக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

பட்டுக்கோட்டை பிரபாகர் கதைகளில் சுசீலா போடும் டி-ஷர்ட் வாசகம், ராஜேந்திரகுமாரின் பாத்திரங்கள் ‘ஙே’ என்று விழிப்பது இதெல்லாம் தீங்கில்லாத பழக்கங்கள். இந்தத் தடவை எந்தப் பக்கத்தில் வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் ரசிகராகிவிட்டீர்கள்.

சுஜாதா ஆளை வேறு விதமாகப் படுத்துவார். ஒருவன் மாடிப்படி இறங்கினால் எழுத்துகளும் படிப்படியாக இறங்கும். அந்த வித்தை முதல் தடவைதான் இனிக்கும் என்பது என் கட்சி. அவர் கதைகளில் வரும் வசந்த்தின் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் அப்படியில்லை. இருக்கிறது, இருக்கிறது என்று ஆசைகாட்டியே கடைசிவரை அதைச் சொல்லாமல் விட்டார். சொல்லியிருந்தால் அன்றோடு மறந்திருப்போம். முழு ஜோக்கும் தனக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால், கேட்டுச் சிரியுங்கள், நம்பிவிட வேண்டாம்.