கோடிட்ட இடமும் கோடிடாத இடமும்: சீனமொழியினர்க்கான ஆங்கிலப் பயிற்சிகள் குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

சீன நாட்டில் அரசு முறையிலான ஆங்கிலக் கல்வி, 1862இல் பீகிங்கில் நிறுவப்பட்ட தோங்வென் குவான் என்னும் கல்விக்கூடத்தோடு தொடங்குகிறது. அது மொழிபெயர்ப்பாளரை உருவாக்குவதற்கென எழுந்த கல்விக்கூடம். அங்குத் தொடங்கிய கல்வி இன்று பெரும்பாலும் தேர்வரை உருவாக்கும் கல்வியாக வளர்ந்து நிற்கிறது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நின்றுபோன பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு 1977 இறுதியில் மீண்டும் நடத்தப்பட்டது. அயல்மொழித் தாளின் மதிப்பெண் படிப்படியாகச் சேர்க்கப்பட்டு, 1983 முதல் முழுமையாகக் கணக்கிடப்பட்டது. கல்லூரி மாணவர்க்கான நான்காம் படி ஆங்கிலத் தேர்வு 1987இலும் ஆறாம் படித் தேர்வு 1989இலும் தொடங்கப்பெற்றன. 2024ஆம் ஆண்டு நுழைவுத்தேர்வுக்குப் பதிவு செய்தோர் தொகை 1 கோடியே 34 லட்சம். இவர்களுள் மிகப் பெரும்பான்மையோர்க்கு அயல்மொழி என்பது ஆங்கிலமே.

இத்தேர்வுகளைச் சார்ந்து சொற்பயிற்சி, இலக்கணப் பயிற்சி, படித்தற்பயிற்சி என்னும் மூவகைப் பயிற்சிகள் பெருகியுள்ளன. இவற்றின் பொதுவான கட்டமைப்பைச் சீனமொழியின் அமைப்போடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தனி நூல் எதனையும் குறை கூறுவது நோக்கமன்று. கற்போர் எங்கே இடருறுகின்றனரோ அவ்விடத்தைப் பயிற்சிகள் தொடுகின்றனவா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

2. சொற்பயிற்சி

சொற்பயிற்சியின் அடிப்படை பட்டியலாகும். நுழைவுத்தேர்வுக்கு ஏறத்தாழ 3500 சொற்கள் என்னும் கணக்கு நெடுநாளாக வழங்கி வருகிறது. பட்டியலில் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒன்றோ இரண்டோ சீனப் பொருள்கள் தரப்படும். அகரவரிசைச் சொல் நூல்களின் தொடக்கத்தில் வரும் 'அபாண்டன்' என்னும் சொல்லுக்குக் 'கைவிடு' என்பது பொருள். அந்தச் சொல்லைக் கற்றதுமே நூலையும் கைவிட்டுவிட்டோம் என்று சீன மாணவர் நகையாடுவதுண்டு. இந்நகைச்சுவையில் ஒரு திறனாய்வும் அடங்கியுள்ளது எனலாம்.

'காய்' என்னும் சீன வினையை எடுத்துக்கொள்வோம். கதவைத் திறத்தல், விளக்கைப் போடுதல், வண்டி ஓட்டுதல், கூட்டம் நடத்துதல், பூ மலர்தல், மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதித்தருதல் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். பட்டியலில் 'ஓப்பன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'காய்' என்று கண்ட மாணவர், 'விளக்கைத் திற' என்னும் பொருள்பட 'ஓப்பன் த லைட்' என்று எழுதுவது இயல்பே. 'கான்' என்னும் வினையும் இத்தகையது. புத்தகம் படித்தல், படம் பார்த்தல், மருத்துவரிடம் காட்டுதல் ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும். 'ஜியே' என்பது கடன் வாங்குதலுக்கும் கொடுத்தலுக்கும் பொது. 'பாரோ', 'லெண்ட்' என்னும் இரண்டு ஆங்கில வினைகளும் அதற்குள் அடங்கும்.

இவற்றைத் தவறான சொல்லறிவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இவை இரு மொழிகள் உலகை வெவ்வேறாகப் பகுத்திருப்பதன் விளைவுகள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் பட்டியல் இப்பகுப்பை மறைக்கிறது. சீன வினையொன்றைத் தலைச்சொல்லாக வைத்து, அது ஏற்கும் பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் எவ்வினையை ஆள்கிறது என வினவும் பயிற்சி அதனை வெளிப்படுத்தும்.

3. இலக்கணப் பயிற்சி

இலக்கணப் பயிற்சியில் பெரிதும் ஆளப்படுவது 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்னும் வடிவம். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தல், அடைப்புக்குள் தரப்பட்ட வினையைத் தக்க வடிவில் எழுதுதல் ஆகியவையும் இதன் வகைகளே. மதிப்பிடுதல் எளிது, நடுநிலை பேணுதலும் எளிது. கோடிக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்த வேண்டிய நாட்டில் இவ்வடிவம் நிலைபெற்றதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. ஆயினும் சீனமொழியினரைப் பொறுத்தவரை இவ்வடிவத்தில் ஓர் அடிப்படைக் குறை உண்டு.

சீனத்தில் வினை காலத்திற்கேற்பத் திரிவதில்லை. பெயருக்குப் பன்மை விகுதி பொதுவாகக் கட்டாயமில்லை. ஆங்கிலத்தின் 'ஏ', 'த' என்பன போன்ற சார்படைகளும் இல்லை. ஆகவே சீனமொழியினர்க்கு ஆங்கில இலக்கணத்தில் அரிதாவது எந்த வடிவத்தை இடுவது என்பது மட்டுமன்று. இங்கே ஒரு வடிவம் இட வேண்டும் என்று உணர்வதே முதன்மையான அரும்பணி. கோடிட்ட இடமோ அவ்வுணர்வை இலவசமாகத் தந்துவிடுகிறது. கோட்டைக் கண்ட மாணவர் விதியை நினைவுகூர்ந்து சரியாக நிரப்புவார். அவரே கட்டுரை எழுதும்போது தாளில் கோடு எதுவும் இல்லை. ஆகவே சார்படையும் இல்லை. பயிற்சியில் நிறைந்த மதிப்பெண்ணும் எழுத்தில் குறைந்த தேர்ச்சியும் ஒரே மாணவரிடம் காணப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

படர்க்கைப் பெயர் இதனை மேலும் விளக்கும். பேச்சுச் சீனத்தில் அவன், அவள் இரண்டும் 'தா' என்னும் ஒரே ஒலியே. எழுத்தில் பெண்பாலுக்குத் தனிக்குறி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் பரவியது. கோடிட்ட இடத்தில் 'ஹீ', 'ஷீ' இரண்டையும் பிழையின்றி இடும் மாணவர் பேச்சில் தம் தாயையே 'ஹீ' என்று சுட்டிவிடுகிறார். அவர் விதியை அறியாதவர் அல்லர். பேசும் விரைவில் பால் வேறுபாட்டை நோக்கும் பழக்கமே அவரிடம் இல்லை.

இனி, வடிவம் இல்லாமை பொருள் இல்லாமை ஆகாது என்பதையும் வலியுறுத்த வேண்டும். சீனத்தில் நிகழாததை உரைக்கும் நிபந்தனைத் தொடருக்குத் தனி வடிவம் இல்லாமையால் சீனர்க்கு அத்தகைய சிந்தனை கடினம் என்னும் கருத்தை ஆல்ஃபிரட் புளூம் 1981இல் முன்வைத்தார். டெரி ஆவ் 1983இல் வெளியிட்ட ஆய்வு அதனை மறுத்தது. சார்படைக்கும் இது பொருந்தும். 'கரென் லாய் ல' என்றால் எதிர்பார்த்திருந்த விருந்தினர் வந்துவிட்டார் என்பது பொருள். சொற்களை முறைமாற்றி 'லாய் கரென் ல' என்றால் விருந்தினர் யாரோ வந்திருக்கிறார் என்பது பொருள். ஆங்கிலம் சார்படையால் உணர்த்தும் வேறுபாட்டைச் சீனம் சொல்வரிசையால் உணர்த்துகிறது. இவ்விரு தொடர்களையும் ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னால் மாணவர் தாம் முன்னரே அறிந்த வேறுபாட்டிற்கு வடிவம் தேடுவார். விதியிலிருந்து வடிவத்திற்குச் செல்வதினும் பொருளிலிருந்து வடிவத்திற்குச் செல்வது உறுதியான வழி.

காலத்திலும் நிலைமை இதுவே. 'ல' என்னும் இடைச்சொல்லை இறந்தகால விகுதியாகக் கொள்வோர் பலர். நாளை உண்டுவிட்டுப் போவேன் என்னும் பொருள் தரும் சீனத் தொடரிலும் 'ல' வரும். அது முற்றுப்பெற்ற தன்மையைக் காட்டுவது, காலத்தைக் காட்டுவதன்று. இறந்தகால எச்சமாகிய 'உண்டு' என்பது 'நாளை' என்பதோடு தமிழில் இயைந்து வருவதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

4. பிழையும் தவிர்ப்பும்

பயிற்சிகளும் தேர்வுகளும் பிழைகளை எண்ணுகின்றன. எழுதாமல் விடப்பட்டதை எவ்வாறு எண்ணுவது? ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இவ்வினாவை எழுப்பியது. பாரசீகம், அரபு, சீனம், சப்பானியம் ஆகிய மொழியினரின் ஆங்கிலக் கட்டுரைகளில் பெயரெச்சத் தொடர்களை அவர் எண்ணினார். பாரசீகர் எழுதிய 174 தொடர்களில் 43 பிழையானவை. சீனர் எழுதிய 76 தொடர்களில் 9 மட்டுமே பிழையானவை. பிழை விகிதத்தை மட்டும் நோக்கினால் சீனர் இருமடங்கு தேர்ந்தவர் என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர் எழுதியவை 173. சீனர் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அரிய வடிவத்தை அவர்கள் பிழைபட எழுதவில்லை. எழுதுவதையே தவிர்த்தனர் என்பது ஷாக்டரின் விளக்கம்.

இதற்கு அவர் காட்டிய காரணம் தமிழறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வர, அதனைச் சிறப்பிக்கும் தொடர் பின்னால் வருகிறது. சீனத்தில் அத்தொடர் பெயருக்கு முன்னால் வருகிறது. 'வோ சுவோதியென் மாய் த ஷூ' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று வரிசை குலையாமல் தமிழாகிறது. 'மாய் த' என்பது 'வாங்கிய' என்பதற்கு நேர். இவ்விரு மொழியினரும் ஆங்கிலத்துக்குச் செல்லும்போது தொடரை முழுமையாகத் திருப்பிப் போட வேண்டியுள்ளது.

ஷாக்டரின் விளக்கம் மறுஆய்வுக்கு உட்படாமல் இல்லை. தாய்மொழியில் அத்தொடர் எவ்வளவு அடிக்கடி, என்ன பயன் கருதி ஆளப்படுகிறது என்பதையும் கணக்கிட்டாலன்றித் 'தவிர்ப்பு' என்று முடிவு கட்ட இயலாது எனக் காமிமோட்டோ, ஷிமுரா, கெல்லர்மன் ஆகியோர் 1992இல் எழுதினர். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் பயிற்சி வடிவங்களைப் பற்றிய நம் முடிவு இதனால் மாறாது. காரணம் எதுவாயினும், எழுதப்படாத தொடரை, பிழையை மட்டும் எண்ணும் பயிற்சி காண்பதில்லை. இணைப்புச் சொல்லின் இடத்தில் கோடிட்டு 'ஹூ', 'விச்' என்பவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் வினாவில் கடினமான பகுதியாகிய தொடர் திருப்புதலை வினா எழுதியவரே செய்து முடித்துவிடுகிறார்.

5. படித்தற்பயிற்சி

சில நூறு சொற்களைக் கொண்ட ஒரு பகுதி, அதன்கீழ் நான்கு விடைகளுடன் சில வினாக்கள் என்பது படித்தற்பயிற்சியின் நிலைத்த வடிவம். வினாவை முதலில் படித்து, அதிலுள்ள சொல்லைப் பகுதியில் தேடுவது விரைந்த வழி எனத் தேர்வர் பழகிக்கொள்கின்றனர். இது தேடுதல் ஆகும்; படித்தல் ஆகாது.

சீன இலக்கண அறிஞர் தொடரிணைப்பை 'யிஹ', 'சிங்ஹ' என இரண்டாகப் பகுப்பர். கருத்தால் இணைவது முன்னது; வடிவால் இணைவது பின்னது. சீனம் பெரிதும் முன்னதைச் சார்ந்தது, ஆங்கிலம் பின்னதைச் சார்ந்தது என்பது அவர்தம் கொள்கை. எனவே நீண்ட ஆங்கில வாக்கியத்தில் எத்தொடர் எதற்கு அடங்கியது என்று காண்பதே சீன வாசகரின் உண்மையான பணி. சொல்லைத் தேடும் வினா இப்பணியைக் கேட்பதில்லை.

விடுபட்ட சொற்களை இட்டுப் படிக்கும் முறையும் இவ்வாறே தன் நோக்கத்திலிருந்து விலகியது. 1953இல் வில்சன் டெய்லர் இதனை வகுத்தபோது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு சொல் என இயந்திரகதியில் நீக்கி, வாசகரே சொல்லை ஊகிக்கும்படி விட்டார். ஒரு பகுதி எவ்வளவு எளிதாகப் படிக்கத்தக்கது என்று அளப்பதே அவர் நோக்கம். தேர்வுகளிலோ நீக்கும் சொல்லை வினா எழுதுபவர் தேர்ந்தெடுத்து நான்கு விடைகளையும் தருகிறார். பகுதியை அளக்க எழுந்த கருவி மாணவரை அளக்கும் கருவியாகிவிட்டது.

6. மாற்று முயற்சிகள்

சீனக் கல்வியாளர் இக்குறைகளை அறியாதவர் அல்லர். நுழைவுத்தேர்வில் நெடுங்காலம் இடம்பெற்ற பிழைதிருத்தல் வினாவில், ஒரு சிறு பகுதியில் மறைந்துள்ள பத்துப் பிழைகளை மாணவரே கண்டறிய வேண்டும். பிழையின் இடம் கோடிடப்படவில்லை என்பது அதன் சிறப்பு. புதிய வினாத்தாள் வடிவில் அது கைவிடப்பட்டது வருந்தத்தக்கது. அவ்வடிவில் இடம்பெறுவதும் 2016இல் சச்சியாங் மாநிலத்தில் அறிமுகமானதுமான 'படித்துத் தொடர்ந்தெழுதல்' வினா பாராட்டத்தக்கது. ஒரு கதையின் முற்பகுதியைப் படித்த மாணவர் அதனைத் தம் சொற்களில் தொடர வேண்டும். இதன் கோட்பாட்டு அடிப்படையை வாங் சூமிங் வகுத்தார். படித்தலும் எழுதுதலும் இங்கு ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆயினும் அரிய வடிவத்தைத் தவிர்க்கும் உரிமை மாணவரிடமே உள்ளது.

அவ்வுரிமையைக் கட்டுப்படுத்துவது மொழிபெயர்ப்பு ஒன்றே. மூலம் கூறுவதை மாணவர் கூறியே ஆக வேண்டும். கல்லூரித் தேர்வில் 2013 டிசம்பர் முதல் தனித் தொடர்களுக்கு மாற்றாக ஒரு பத்தியை மொழிபெயர்க்கச் சொல்வது இவ்வகையில் நல்ல திருப்பம். பண்பாடு, வரலாறு, சமூக வளர்ச்சி எனப் பொருள் வரையறுக்கப்பட்டிருப்பதால் கலைச்சொற்களை நெட்டுருச் செய்துவிடலாம் என்னும் எண்ணத்திற்கு அது இடந்தருகிறது. இடரோ கலைச்சொல்லில் இல்லை, தொடரமைப்பில் உள்ளது.

இதனை யென் ஃபூ முன்னரே உணர்ந்திருந்தார். ஹக்ஸ்லியின் நூலைச் சீனமாக்கி 1898இல் வெளியிட்டபோது, மொழிபெயர்ப்பின் மூன்று அருமைகளாக உண்மை, தெளிவு, நயம் என்பவற்றை முன்னுரையில் வகுத்தார். மொழிபெயர்ப்பாளர் பலரும் அறிந்தது இது. மேலைமொழி வாக்கியங்களில் விளக்கத் தொடர்கள் நடுவே கிளைத்து நீள்வதையும், அவ்வரிசையிலேயே பெயர்த்தால் சீனத்தில் பொருள் விளங்காமையையும், ஆகவே முழுமையும் உள்வாங்கிய பின்னரே எழுத வேண்டுதலையும் அவர் அங்கேயே குறித்துள்ளமை போதிய கவனம் பெறவில்லை. ஷாக்டர் எண்ணிக் காட்டிய அதே தொடர்தான் இது. 1904இல் சீனத்தில் விளக்கப்பட்ட ஆங்கில இலக்கண நூலொன்றையும் யென் ஃபூ எழுதினார். மொழிபெயர்ப்பாளரே இலக்கண ஆசிரியராகவும் அமைந்ததால் இரு மொழிகளின் வேறுபாடு அவர்க்குப் பாடப்பொருளாயிற்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கோடிட்ட இடம் விதியறிவை அளக்கும், இடமறியும் உணர்வை அளக்காது. பிழைக்கணக்கு எழுதியதை மட்டும் காணும். சீனமொழியினர்க்கெனப் பயிற்சி வகுப்போர் சீனத் தொடரிலிருந்து தொடங்குதல் வேண்டும். விருந்தினர் வந்த இரு தொடர்கள், நேற்று வாங்கிய புத்தகம், 'காய்' ஏற்கும் பெயர்கள் போன்றவை அத்தகைய தொடக்கத்திற்குத் தக்கவை. வினாக்களின் எண்ணிக்கை குறையும்; திருத்தும் உழைப்பு மிகும். அவ்வுழைப்பைத் தவிர்ப்பதற்கென்றே பயிற்சி வடிவங்கள் கோட்டையும் நான்கு விடைகளையும் நாடின என்பதை நோக்க, தவிர்த்தல் என்பது மாணவரிடம் மட்டும் காணப்படும் பண்பன்று என்றே கூறத் தோன்றுகிறது.