சுமைச்சுருளும் மின்னோட்டமும்: இரு கொள்கைகள் பற்றிய ஆய்வு

திருகோணமலையில் டொய்ச்சே வெல்லே என்னும் ஜேர்மன் வானொலி நிறுவிய அஞ்சல் நிலையம் முன்னர் 1548 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையில் ஒலிபரப்பியது. அதன் கால் அலைநீளம் ஏறத்தாழ 48 மீற்றர். நிலத்தில் அத்துணை உயரமான கோபுரம் எழுப்ப இடமுண்டு. துறைமுகத்தினின்று புறப்படும் சிறு கலத்துக்கோ அவ்வசதி இல்லை. நெடுங்காலம் அபாய அழைப்புக்கு உரியதாயிருந்த 2182 கிலோஹேர்ட்ஸிற் கால் அலைநீளம் 34 மீற்றராகும். கலம் தாங்குவது ஏழெட்டு மீற்றர்க் கோலே. ஆதலின் வான்கம்பியிற் சுமைச்சுருள் இடப்படுகின்றது. அச்சுருளினூடே மின்னோட்டம் செல்லும் முறை பற்றியே நூலோர் மாறுபடுகின்றனர்.

சுருள் குறைந்த கம்பிக்கு ஈடாக நிற்பதால், அக்கம்பியில் ஓட்டம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு சுருளிலும் குறையும் என்பர் ஒருசாரார். மற்றையோர் கேர்ச்சோபின் விதியைக் காட்டி, ஒரு முனையிற் புகுந்த ஓட்டம் மறுமுனையில் மாறாது வெளிப்படும் என்பர். முதற்கூற்று மாணாக்கர் மனத்தில் எளிதிற் பதியும். படமும் அழகாக அமையும். ஆயினும் அது பிழை. சுருள் சமன்செய்வது குறுங்கோலின் கொள்ளளவ விளைவையேயாம். கம்பியின் நீளத்தை அது திருப்பித் தருவதில்லை.

இரண்டாங் கூற்று உண்மைக்கு அணித்தாயினும் வரம்புடையது. சுருளின் சுற்றுகளுக்கும் நிலத்துக்கும் இடையே சிறு கொள்ளளவம் உண்டு. அதன் வழியே ஓட்டத்தின் ஒரு பகுதி விலகிச் செல்லும். வளைய உள்ளகத்திற் சுற்றிய சிறு சுருளில் இது புறக்கணிக்கத்தக்கது. நீண்டு பருத்த சுருளின் மேல் எஞ்சும் கோல் மிகக் குறுகியதாயின், இரு முனை ஓட்டங்களின் வேறுபாடு தெளிவாகப் புலப்படும். ஈண்டுக் கேர்ச்சோப் தோற்றாரல்லர். ஒரு கிளையைக் கணக்கில் விட்டவரே தோற்றார்.

இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதன்று. அடியிற் சுருள் கொண்ட கோலில் ஓட்டம் நுனிவரை சீராகக் குறைந்து பூச்சியமாகும். சுருள் நடுவிலிருப்பின், கீழ்ப்பாதியில் ஏறத்தாழ மாறாது நிற்கும். இதனால் 7 மீற்றர்க் கோலின் கதிர்ப்புத் தடை ஏறக்குறைய 1 ஓமிலிருந்து 2.25 ஓமுக்கு உயரும். ஆனால் நடுச்சுருளுக்கு ஏறத்தாழ இருமடங்கு தூண்டல் வேண்டும். சுருளின் தடையும் அதனுடன் ஏறும். அத்தடை பல ஓமாயின், வலுவின் பெரும்பகுதி வெப்பமாகவே கழியும். சுருளே இழந்த கம்பியின் கதிர்ப்பைத் தரும் என நம்புபவர் கோலைக் குறுக்கத் துணிவர். அக்கலத்தின் அழைப்பே நலிவுறும்.

இரு முனைகளிலும் அம்பியர்மானி வைத்து இதனைச் சோதிக்கலாம். மானியின் உடலும் இணைகம்பியும் தாமே கொள்ளளவம் உடையன என்பதால், அவற்றை இடம் மாற்றி இருமுறை அளத்தல் வேண்டும்.