ஊர்காண் காதையின் மணிவீதியும் மணிகளின் பிறப்பும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் வரும் மணிவணிகர் வீதிப் பகுதி இந்நாளில் இருவகையாகப் படிக்கப்பெற்று வருகின்றது. ஒரு சாரார் அதனை வெறும் வருணனை எனக் கடந்து செல்வர். மற்றொரு சாரார், இக்கால வேதியியலை இளங்கோவடிகள் அன்றே அறிந்திருந்தார் என்பர். பட்டத்திற்கு அளிக்கப்பெறும் ஆய்வேடுகளில் இப்பின்னைய கூற்று பெருகி வருதலை யாம் காண்கின்றோம். இருசாராரும் கல்லைப் பாராமலே நூலுக்கு முடிபு கூறுகின்றனர் என்பதே எம் கருத்து.

இதனைத் திண்டுக்கல்லில் இருந்து ஆராய்தற்கு ஒரு பொருத்தம் உண்டு. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கூறும் மூன்று வழிகளுள் வலப்பக்கத்து வழி சிறுமலையை வலங்கொண்டு மதுரை சேர்வது. கோவலன் அவ்வழியே சென்றிலன் எனினும், மணிவீதிக்குச் செல்லும் நெறிகளுள் ஒன்று இச்சமவெளியை அடுத்துக் கிடந்தது என்பது நூலாலேயே பெறப்படும்.

காதை கூறுவனவற்றுள் வயிரம், மரகதம் ஆகியவற்றின் இலக்கணம் பெரும்பாலும் குற்றம் நீங்கியமை பற்றியது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன வயிரத்தின் குற்றங்கள். கல் வளருங்கால் உள்ளே அகப்பட்ட அயற்பொருள்களையும் பிளவுகளையும் இன்றைய மணிநோக்கர் உருப்பெருக்கி கொண்டு காண்பர். பண்டை வணிகன் வெறுங்கண்ணால் கண்டு பெயரிட்டான். இதில் வியத்தற்கும் இகழ்தற்கும் ஒன்றும் இல்லை.

வியத்தற்குரியது அடுத்து வருவது. மாணிக்கத்தின் வகைகளைக் கூறிய பின்னர், பொன்னைத் தெளித்தாற் போன்றதும், தெளிந்த தேன் நிறத்ததும், இருளைத் தெளித்தாற் போன்றதும், இருநிறம் கலந்ததும் எனக் காதை தொடர்கின்றது. இவற்றை முறையே புருடராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் எனக் கொள்வது உரைமரபு. மாணிக்கத்தைக் கூட்ட ஐந்தாகும். இவ்வைந்தும் தோற்றத்தால் ஒன்று, வனப்பால் ஐந்து என்பது அடிகள் கருத்து. நிறம் வேறாயினும் பிறப்பு ஒன்று என்னும் இக்கூற்றே வேதியியல் கண்டார்க்குப் பற்றுக்கோடாயிற்று.

இதனைச் சோதித்துப் பார்ப்போம். மாணிக்கமும் நீலமும் இன்று புருடராகமென வழங்கும் மஞ்சட்கல்லும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் வகைகளே. ஆங்கிலத்தார் வழங்கும் கொரண்டம் என்னும் சொல்லே நம் குருந்தத்தின் திரிபு. அலுமினியமும் ஆக்சிசனும் கூடிய நிறமற்ற பொருள் அது. அதில் சிறிதளவு குரோமியம் புகின் செம்மை தோன்றும். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து புகின் நீலமாம். இரும்பு தனித்துப் புகின் மஞ்சளாம். அலுமினியம் மிகுந்து சிலிக்கா குறைந்த பாறை, நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தில் மாறுங்கால் குருந்தம் விளையும். சிலிக்கா மிகுந்துள்ள இடத்தில் அலுமினியம் அதனோடு கூடிப் பிற கனிமங்களாகிவிடும். ஆதலின் வெண்கல் மிக்க சாதாரணப் பாறையில் குருந்தம் காண்டல் அரிது. நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டியில் செந்நிறக் குருந்தம் கிடைப்பது அங்குள்ள பாறையின் இவ்வியல்பு பற்றியே.

ஆயின் ஏனைய இரண்டும் அவ்வினத்தன அல்ல. இன்று வைடூரியம் எனப்படும் பூனைக்கண் கல் பெரிலியமும் அலுமினியமும் கூடியது. கோமேதகம் கால்சியம் கலந்த கார்னெட் வகை. ஐந்தனுள் மூன்றே ஓரினத்தன. பாதிக்கு மேற்பட்ட இவ்வுண்மையைக் கொண்டு முழுமையும் மெய்யென்றல் பொருந்தாது. தற்செயல் என்று தள்ளுதலும் பொருந்தாது. வணிகன் ஒரே ஆற்றுமணலில், ஒரே உறுதியோடு, கையில் ஒத்த கனத்தோடு பல நிறக் கற்களைக் கண்டிருத்தல் கூடும். அக்காட்சியே ஓரினம் என்னும் கருத்தை விளைத்தது என்பது எம் துணிபு. 1812இல் மோசு என்பார் வகுத்த உறுதி அளவையில் குருந்தம் 9, பூனைக்கண் 8½, கார்னெட் ஏறத்தாழ 7. உராய்வு ஒன்றையே அளவாகக் கொண்டவன் குருந்தத்தையும் பூனைக்கண்ணையும் ஓரினம் என மயங்குதல் எளிது.

பரஞ்சோதி முனிவரின் மாணிக்கம் விற்ற படலத்தோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு விளங்கும். அங்கே வலன் என்னும் அசுரனின் குருதி மாணிக்கமாகவும், எலும்பு வயிரமாகவும், பித்தம் மரகதமாகவும் கூறப்படுகின்றன. நிறத்திற்கு ஓர் உறுப்பு. உறுப்பிற்கு ஒரு மணி. காலத்தாற் பிந்திய புராணம் நிறத்தோடு நின்றுவிட, முந்திய காப்பியம் நிறத்தைக் கடந்து ஒருமையைத் தேடியது. மணிநூல் வளர்ச்சியை ஏறுமுகமாகவே எழுதுவார் இதனைக் கருதுக.

நிறத்தால் பெயரிடும் வழக்கம் புராணத்தோடு முடிந்ததென்று எண்ணற்க. வத்தலக்குண்டுக்கு மேற்கே கெங்குவார்பட்டியில் சபிரின் என்னும் கனிமம் தாங்கிய பாறைகள் உள்ளன. 900 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவானவை என்று மண்ணியலார் அவற்றைப் போற்றுவர். அக்கனிமத்திற்கு அப்பெயர் வாய்த்தது நீலமணியின் நிறம் பற்றியே. அது நீலமணி அன்று.

இனி, இம்மாவட்டத்துச் சான்று ஒன்று. பழனிக்கு அண்மையிலுள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கா. இராசன் அகழாய்வு நிகழ்த்தினார். ஈமக்குழியில் நெல்லோடு கிடைத்த புரிமனையில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்பெற்றன. அவற்றை ‘வயிர’ எனப் படித்து வயிரமணி எனப் பொருள் கொண்டனர். நெல்லின் காலம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு என்பது கரிமக் கணிப்பு. எழுத்தின் காலம் பற்றிய வாதம் அறிஞரிடையே உண்டு. அது ஈண்டு வேண்டா. எமக்கு எழும் ஐயம் சொற்பொருள் பற்றியது. வயிரம் என்பது மணிக்கு மட்டும் பெயரன்று; மரத்தின் உள்ளுறுதிக்கும், மாறாச் செற்றத்திற்கும், திண்மைக்கும் தமிழில் அதுவே பெயர். இறந்தாரின் கலத்தில் தனித்து நிற்கும் ஒரு சொல் ஆட்பெயராதலும் கூடும். பொருந்தலில் மிகுதியாகக் கிடைத்தவை கண்ணாடி மணிகளும் சூதுபவளம் முதலிய பிற கல்மணிகளுமேயன்றி வயிரம் அன்று. அண்மையில் மணித்தொழில் நிகழ்ந்ததாகலின் மணியின் பெயரே எனக் கொள்ளுதல் ஏற்புடைத்து. எனினும் அதனை முடிந்த முடிபாகப் பாடநூல்களில் ஏற்றியமை விரைவு.

கண்ணாடி மணிகள் மலிந்த ஊரில் கல்லறியும் கலை இன்றியமையாதது. கண்ணாடி குருந்தத்தால் எளிதில் கீறப்படும்; உள்ளே காற்றுக்குமிழ் காட்டும்; நீரில் நிறுத்துப் பார்ப்பின் குருந்தம் நீரின் நான்கு மடங்கு கனமாக, கண்ணாடியோ பொதுவாக இரண்டரை மடங்கே நிற்கும். காதையின் உரைக்குக் குறிப்பெழுதுவோர் இவ்வளவேனும் கற்றல் வேண்டும். வைடூரியம் என்பதற்கெல்லாம் பூனைக்கண் என ஒரே பொருள் எழுதிச் செல்லும் பதிப்புகள் பல. பிராகிருத வேளுரியமே கிரேக்கத்தில் பெரிலாயிற்று என்பது மொழிநூலார் கண்டது. காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்ததும் கொடுமணலில் மணியாக்கப்பெற்றதும் அப்பெரில் கல்லே. பண்டை நூல்களில் வைடூரியம் வருமிடந்தோறும் அது பெரிலா பூனைக்கண்ணா என நிறமும் ஒளியும் கொண்டு தனித்தனியே ஆராய்தற்குரியது. ஊர்காண் காதையில் தேன் நிறம் கூறப்பட்டமையின் பசும்பெரிலைக் கொள்ளுதல் இயலாது. மஞ்சட்பெரிலையோ பூனைக்கண்ணையோ கொள்ளலாம்.