மதுசூதனர் கண்ட மேகநாதன்

வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் (1824–1873) உறங்கும் கல்லறை நம் கொல்கத்தாவில் உள்ளது. அவரைக் கவியாக்கிய ஆண்டுகளோ சென்னைக்கு உரியவை. நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். அவர் 1848-இல் இங்கிருந்து அங்குச் சென்று எட்டாண்டுகள் வாழ்ந்தார்.

இந்துக் கல்லூரி மாணவராய் இருந்த நாளிலேயே பைரனிடம் மனத்தைப் பறிகொடுத்தவர் அவர். ஆங்கிலக் கவியாகவே புகழ்பெற விழைந்தார். 1843-இல் கிறித்தவரானார், பின்னர்ச் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றில் ஆசிரியரானார். 1849-இல் அங்கு அவர் வெளியிட்ட 'தி கேப்டிவ் லேடி' பிருதிவிராசன் கதை. பொருள் நம் நாட்டது, குரல் பைரனுடையது. அதனைக் கண்ட பெத்தூன், தாய்மொழியில் எழுதுவதே தக்கது என்று அறிவுறுத்தினார்.

அறிவுரையால் மட்டும் கவி பிறப்பதில்லை. சென்னையிலிருந்து நண்பர் கௌர் தாஸ் பசாக்குக்கு எழுதிய கடிதங்களில், வங்கமொழி தமக்கு மறந்துவருவதாகக் கூறி, வங்க இராமாயணத்தையும் பாரதத்தையும் சீராம்பூர்ப் பதிப்பில் அனுப்புமாறு வேண்டுகிறார். எழுத்தறியாமல் தமிழைப் பேச்சளவில் மட்டும் காத்துவரும் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு, அவ்வரிகள் அயலார் கடிதமாகத் தோன்றவில்லை.

அந்த ஏக்கத்தின் விளைவே 1861-இல் வெளிவந்த 'மேகநாதவத காவியம்'. எதுகையின் கட்டை அறுத்த புதுயாப்பில், ஒன்பது சருக்கங்களில், தோற்றவர் பக்கம் நின்று பாடினார். இராவணன் தம் கற்பனைக்குக் கனல் மூட்டினான் என்று அவரே எழுதியுள்ளார். அவருடைய மேகநாதன், வழிபாட்டில் ஆயுதமின்றி இருக்கையில், வீடணன் வழிகாட்ட வந்த இலக்குவனால் கொல்லப்படுகிறான்.

இங்குதான் நாம் அவரோடு முரண்படுகிறோம். மேகநாதனை உயர்த்த அவர் இலக்குவனைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. கம்பருக்கு அத்தேவை நேரவில்லை. சீதைமேல் வைத்த ஆசையை விடுமாறு தந்தையிடம் சொல்லிவிட்டு, முடிவை அறிந்தே போர்க்களம் புகும் கம்பரின் இந்திரசித்து, எதிர்நின்று பொருது வீழ்கிறான். அவன் பெருமைக்குப் பகைவனின் சிறுமை துணையாக வேண்டியதில்லை.

எனினும் ஒன்பதாம் சருக்கம் நம் வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. இராமன் ஏழு நாள் போரை நிறுத்த இசைகிறான். கடற்கரையில் சிதை அடுக்கப்படுகிறது. கணவனோடு பிரமீளையும் அதில் ஏறுகிறாள். பட்டம் சூட்ட எண்ணிய மகனுக்கு ஈமக்கடன் செய்யும் இராவணனிடம் பைரனின் சாயல் சிறிதும் இல்லை. அங்கே அழுபவன் ஒரு தந்தை. அவன் அழுவது வங்கமொழியில்.