மூன்று வருஷக் கணக்கு

ஆனியில் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துப் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்துவிடும். அருவியில் குளித்துவிட்டுப் பழம் வாங்குகிறவர்களில் பலர் இப்போது கன்றும் வாங்கிப் போகிறார்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றாவது வாசலில் நின்றாக வேண்டும் என்றாகிவிட்டது. எதை வைப்பது என்று கேட்டால், கன்று விற்பவரும், காணொளி போடுபவரும், பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். ரம்புட்டான் 3 வருஷத்தில் காய்க்கும், மங்குஸ்தானுக்கு 8 வருஷமோ 10 வருஷமோ ஆகும். அதற்குமேல் பேச்சில்லை. யாராவது இழுத்தால், ‘மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் வீட்டுக்கு வீடு ரம்புட்டான் தொங்குகிறதே, இங்கே மட்டும் காய்க்காதா?’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

கணக்கில் பொய் இல்லை. மங்குஸ்தான் மெத்தனமான மரந்தான். விதை முளைத்து இரண்டு வருஷம் ஆன கன்று ஒரு அடி உயரம் இருந்தால் அதிகம். வேரில் தூவிகள் இல்லாததால் தண்ணீரையும் உரத்தையும் இழுக்கும் சக்தி குறைவு. பழுக்கிற நேரத்தில் மழை கொட்டினால் மஞ்சள் பால் சுளைக்குள் இறங்கிக் கசந்துவிடும். குற்றாலத்தில் பழுப்பதே சாரல் காலத்தில்தான் என்பதால் இது சின்னக் குறையல்ல. ரம்புட்டானோ பார்வைக்கும் அழகு, கொத்துக் கொத்தாகவும் காய்க்கும். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: எப்போது காய்க்கும் என்ற ஒற்றை அளவுகோலை வைத்து இரண்டு மரங்களை எடைபோடுவது தோட்டக்காரன் வேலையல்ல, வட்டிக்கடைக்காரன் வேலை.

முதலில், அந்த 3 வருஷம் எந்தக் கன்றுக்கு? நல்ல தாய்மரத்திலிருந்து மொட்டுக்கட்டிய ஒட்டுக்கன்றுக்கு. கடையில் வாங்கித் தின்ற பழத்தின் கொட்டையை முளைக்கப்போட்டால் 5, 6 வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தும், பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போகலாம், பூக்கும், காய்க்காது. பூத்த பிறகுதான் இது தெரியும். கர்நாடகத்தில் குடகு செட்டள்ளியில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி மையம் அர்க்கா கூர்க் அருண், அர்க்கா கூர்க் பீதாப் என்று தேர்ந்தெடுத்த ரகங்களைக் கொடுத்திருப்பதே விதைக்கன்றை நம்ப முடியாது என்பதால்தான். சாலையோரத்தில் பாலித்தீன் பையில் நிற்கும் கன்று ஒட்டா, விதையா என்று எத்தனை பேர் தண்டைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள்?

மங்குஸ்தானில் இந்தச் சூதாட்டமே கிடையாது. அதன் விதை மகரந்தச் சேர்க்கையில்லாமல் உருவாவது. முளைப்பதெல்லாம் தாயின் நகல். ஆண் மரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் வருஷக் கணக்கின் மோகம் இதையும் விட்டுவைக்கவில்லை. ‘ஒட்டு மங்குஸ்தான், 5 வருஷத்தில் காய்க்கும்’ என்று விற்கிறார்கள். காய்க்கும், உண்மை. மரம் குட்டையாக நின்றுவிடும், காய்ப்பும் விதைமரத்தின் அளவுக்கு வராது. அவசரத்துக்காகப் பாதி மரத்தை விலைக்கு வாங்குகிறோம்.

காய்த்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் யாரும் சொல்லாத பகுதி. ரம்புட்டானைப் பறித்த பிறகு பழுக்கவைக்க முடியாது. மரத்திலேயே நன்றாகச் சிவக்க விட வேண்டும். அது சிவப்பது வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் வௌவாலுக்குத் தெரிந்துவிடுகிறது. மரம் முழுக்க வலை போர்த்தாமல் தப்ப முடியாது. புனலூரைக் காட்டுகிறவர்கள் அங்கே மரங்களின்மேல் கிடக்கும் வலையைக் காட்டுவதில்லை. 2021இல் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தபோது சோதனைக்கு எடுத்துப்போனவற்றில் ரம்புட்டானும் இருந்தது. நோய் பழத்தால்தான் வந்தது என்று நிரூபணமாகவில்லை. என்றாலும் வௌவால் கடித்த பழத்தைக் கழுவித் தின்னும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே. வலையோடு வேலை முடியாது. அறுவடை முடிந்ததும் காய்த்த கிளைநுனிகளை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷக் கொத்து மெலிந்துவிடும். பறித்த பழமும் இரண்டு மூன்று நாளில் முடி கருகிப் பார்க்கச் சகிக்காது. இது ஒரு வருஷத்து வேலையல்ல, மரம் இருக்கும்வரை வருஷாவருஷம்.

மங்குஸ்தான் கேட்பதெல்லாம் தொடக்கத்தில்தான். முதல் மூன்று நான்கு வருஷம் நிழல், ஈரம், தூரில் சருகு மூடாக்கு. அதன்பின் தடித்த தோலே பழத்துக்குக் காவல். லேசாகச் சிவந்ததும் பறித்துவந்தால் வீட்டில் பழுத்துக்கொள்ளும். குரங்கு வரும்தான், குற்றாலத்தில் குரங்குக்குத் தப்பியது என்று எதுவும் கிடையாது. நீலகிரி மலைப்பாதையில் உள்ள கல்லாறு அரசுப் பழப்பண்ணை 1900இல் தொடங்கப்பட்டது. மங்குஸ்தானுக்குப் பேர்போன இடம். ஒரு தலைமுறை நட்டு அடுத்தடுத்த தலைமுறைகள் பறிக்கிற மரத்தின் முன்னால் 3 வருஷம், 8 வருஷம் என்று விரல்விட்டு எண்ணுவதில் என்ன பொருள் இருக்கிறது?

இன்னொரு சங்கதி, காற்று. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் சாரல் இளைத்துவிடுகிறது. தென்காசிக்குக் கிழக்கே பாவூர்சத்திரம் போனால் ஆடியில் மேகம் தலைக்குமேல் ஓடும், சொட்டு விழாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று மட்டும் குறையாது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். நெருக்கடி என்னவென்றால், ரம்புட்டான் கொத்து கனக்கிற மாதங்களும் அந்தக் காற்றின் மாதங்களும் ஒன்று. கொத்து முறிகிறது, இலை ஓரம் கருகுகிறது. போர்த்தண்ணீரில் உப்பு இருந்தால் கருகல் இரட்டிப்பு. நிழலில் ஒதுக்கி வைக்கலாமா என்றால் ரம்புட்டானுக்கு முழு வெயில் வேண்டும். மங்குஸ்தானைத் தென்னைக்கு நடுவே ஒளித்து வளர்க்கலாம். தென்னை வெயிலையும் தாங்கும், காற்றையும் தாங்கும்.

ஆகவே இலஞ்சியிலும் மேக்கரையிலும் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் மங்குஸ்தான் விதைக்கன்றைத் தயங்காமல் நடட்டும். குற்றாலத்து அடிவாரத்தில் வெட்டவெளியும், வலைக்குப் பணமும், கிளை வெட்ட ஆளும் உள்ளவர் ரம்புட்டான் வைத்துக்கொள்ளட்டும், ஒட்டுக்கன்றாகப் பார்த்து. பாவூர்சத்திரத்தில் மூன்று சென்ட் மனையும் உப்புப் போர்த்தண்ணீரும் உள்ளவருக்கு இரண்டுமே வேண்டாம். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதுவும் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும், வலையும் கேட்காது.