குகை எங்கேயும் போகாது, வழியைப் பாருங்கள்

குடியம் குகைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் குகையைப் பற்றி ஆசை ஆசையாகச் சொல்வார்கள். போன வழி எப்படி என்றால், "வெறும் பொட்டல், முள்ளு, வெயில்" என்று முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பொட்டல்தான் அங்கே முதல் தரம், குகை இரண்டாவது.

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டிலிருந்து திருநின்றவூர், திருவள்ளூர், பூண்டி, சீத்தஞ்சேரி என்று ஏறக்குறைய 50 கி.மீ. போனால் குகை இருக்கும் அல்லிக்குழி மலைத்தொடரின் அடிவாரம் வரும். கொல்லிமலை, ஏலகிரி மாதிரி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் தாழ்ந்த குன்றுகள். குடியம் கிராமத்தைத் தாண்டினால் மேய்ச்சல் வெளி, பிறகு புதர்க்காடு, நடுவில் ஓடைப் பள்ளங்கள், கடைசியில் கொஞ்சம் ஏற்றம். தினமும் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடக்கிறவருக்கு மூச்சு பெரிதாக வாங்காது. உருளும் கூழாங்கல்லில் கணுக்கால் பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு.

நேரே குகைக்குப் போகாதீர்கள். பூண்டியில் இறங்கி, 1985-இல் தொல்லியல் துறை அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள். அங்குள்ள கற்காலக் கைக்கோடரிகளைப் பார்த்த கண்ணோடு வெளியே வந்தால், அதற்கப்புறம் காலடியில் கிடக்கும் கற்கள் எல்லாம் வேறு மாதிரித் தெரியும்.

கற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தக் குன்றுகள் ஒரே பாறையால் ஆனவை அல்ல. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன் நீரோட்டம் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த குவார்ட்சைட் உருண்டைக் கற்கள், மணலோடு இறுகிப் பாறையானவை. மழை அரிக்க அரிக்க அந்த உருண்டைகள் கழன்று சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும்போது வண்டலுக்குக் கீழே கறுப்பாகவும் சாம்பல் நிறமாகவும் வரும் களிக்கல்லும் இந்தக் குன்றுகளும் கோண்டுவானா என்ற ஒரே பாறைக் குடும்பம்தான். நம் வீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும் உறவுக்காரர் இங்கே குன்றாக வெளியே நிற்கிறார்.

ஆதி மனிதனுக்கு இதைவிட நல்ல கல் கிடங்கு கிடைத்திருக்காது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இந்த மலைக்குப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடையாளம் கண்டார்கள். அத்திரம்பாக்கக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் வெளியிட்டது. குடியத்திலும் 1960-களின் தொடக்கத்தில் கே.டி. பானர்ஜி அகழாய்வு செய்திருக்கிறார்.

மனிதக் கை பட்ட கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆற்றில் உருண்ட கல் எல்லாப் பக்கமும் வழுவழுப்பாக இருக்கும். தானாக உடைந்தது ஏதோ ஓரிடத்தில் பிளந்திருக்கும். கொத்திச் செய்ததிலோ இரண்டு முகத்திலும் அடுத்தடுத்துச் சில்லுகள் பெயர்ந்த பள்ளங்கள் ஒரு விளிம்பை நோக்கி வரிசையாக வரும். பெயர்ந்த சில்லில், அடி விழுந்த இடத்தருகே சின்னப் புடைப்பு இருக்கும். அங்கிருந்து மெல்லிய அலைவரிகள் பரவும். நீங்கள் பார்க்கும் கற்களில் பெரும்பாலானவை சாதாரணக் கற்களாகத்தான் இருக்கும், ஏமாற வேண்டாம். சந்தேகப்படும்படி ஒன்று கண்ணில் பட்டாலும் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். கிடந்த இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் ஆய்வாளருக்கு அதனால் பயன் குறைவு. அலமாரியில் வைத்துக்கொள்ளும் உங்களுக்குப் பயனே இல்லை.

இனி மேய்ச்சல் வெளி. நம் பக்கத்தில் மனைக்கல் நடாத வெளி ஒன்றைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. இங்கே ஆடும் மாடும்தான் தோட்டக்காரர்கள். செடிகளைக் கவனியுங்கள். ஆடு முன்னங்காலைத் தூக்கி எட்டும் உயரம் வரை கிளைகள் மொட்டையாக இருக்கும், அதற்கு மேலே குடை பிடித்தது போலத் தழை. களாவும் காரையும் சூரையும் முள்ளை வைத்துப் பிழைத்திருக்கின்றன. ஆவாரையும் எருக்கும் விராலியும் மேய்ச்சலுக்கு ருசிக்காததால் தைரியமாகப் பரவியிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில் வந்தால் புல் இன்னும் பசுமை மாறாமல் இருக்கும். பிப்ரவரி ஆனால் ஊசிப்புல் காய்ந்து காலுறையில் ஏறிக்கொள்ளும். அதைப் பிடுங்குவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

மந்தை எதிரே வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். நடுவே புகுந்து பிரிக்கக் கூடாது. நின்றபடி பாருங்கள்: மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு, முதுகில் கரிச்சான், இரண்டும் குளம்படி கிளப்பிவிடும் பூச்சிக்காகக் காத்திருக்கும். ஆள்காட்டி கத்தத் தொடங்கினால் அதன் முட்டை பக்கத்தில் வெறும் தரையில் இருக்கலாம், விலகி நடங்கள். மேய்க்கிறவரிடம் "என்னங்கய்யா, தண்ணி எங்க இருக்கு மாட்டுக்கு?" என்று பேச்சுக் கொடுங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பதில் வரலாம், இது எல்லைப் பக்கம். தொரட்டியும் தூக்குவாளியுமாக நிற்கிற அவருக்குத் தெரிந்ததில் கால்வாசியை நான் எழுதினாலே இந்த இதழ் போதாது.

குகையைப் பற்றி இரண்டு வார்த்தை. அது இருட்டுச் சுரங்கம் அல்ல, பாறை முன்னால் நீண்டு கூரையாக நிற்கும் பெரிய ஒதுக்கிடம். கீழிருந்து பார்த்தால் கூரையில் அந்த உருண்டைக் கற்கள் பதிந்திருப்பது தெரியும். தொங்குகிற பெரிய அடைகளும் தெரியும். அவை மலைத்தேனீயின் கூடுகள். அங்கே புகை, வாசனைத் திரவியம், கூச்சல் எதுவும் கூடாது, இது விளையாட்டில்லை.

இது வனப்பகுதி என்பதால் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. முன்பதிவு செய்தால் வழிகாட்டியும் உடன் வருவார். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுவதுண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்குவது நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டினால் கடை கிடையாது.