எச்சம் யார்?

கொமரலிங்கம் பஸ் நிறுத்தத்தில் போன மாதம் ஒரு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் போலியோ, இடது கைக்கு ஊன்றுகோல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போய்த் திரும்பியிருந்தார். "ஓவர்லாக் ஒத்தக் கால்லயே ஓட்டுவனுங்க தம்பி. மெஷினு ரெண்டாவது மாடியில கெடக்குது. மேல ஏறி வந்தீங்கன்னா வேலை இருக்குதுங்கறாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

எம்.ஏ. தமிழ் படிக்கையில் புறநானூற்று 28ஆம் பாட்டைப் பரீட்சைக்காக உருப்போட்டவன் நான். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என்று எட்டு வகைப் பிறப்புகளை அது 'எச்சம்' என்று பட்டியலிடுகிறது. இவற்றால் 'ஊதியம்' இல்லை என்ற முந்தையோர் கூற்றையும் எடுத்து வைக்கிறது. அங்கே ஊதியம் என்றால் பயன். திருப்பூரில் ஊதியம் என்றால் சம்பளம். அர்த்தம் மாறியிருக்கிறது, உடம்பை அது ஈட்டித் தருவதை வைத்து எடைபோடும் பார்வை மாறவில்லை.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லுக்குப் பதில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் 2010இல், மு. கருணாநிதி ஆட்சியில், அரசு வழக்குக்கு வந்தது. இது சின்னக் காரியமில்லை. உடம்பின் குறையையே பேராக்கிக் கூப்பிடும் ஊர்கள் நம்முடையவை. ஆனாலும் அந்தச் சொல்லாடலுக்குள் 'திறன்' சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒன்று இல்லையா, இன்னொன்றைக் காட்டு என்கிறது. எதையும் காட்ட இயலாத குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது? பீஸ்ரேட்டில் ஓடும் ஊரில் திறன் என்றால் மணிக்கு எத்தனை பீஸ் என்பதுதான். உரிமையை அந்தக் கணக்கில் சேர்த்தால் அது கூலியாகிவிடும்.

இலக்கணத்தில் எச்சத்துக்கு வேறு பொருள் உண்டு. 'வந்த' என்பது பெயரெச்சம். அதை ஊனமான சொல் என்று எந்த இலக்கணக்காரரும் சொன்னதில்லை. ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்கிறது, அவ்வளவே. பெயர் வராவிட்டால் முடியாமல் நிற்பது வாக்கியம். அந்த அண்ணன் விஷயத்திலும் அரைகுறையாக நிற்பது அவர் கால் இல்லை, கம்பெனிக் கட்டிடம். ஒரு மெஷினைக் கீழே இறக்கினால் வாக்கியம் முடிந்துவிடும்.

சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் வாசிக்கிறது. 1995 சட்டம் 7 வகை ஊனங்களை ஏற்றது. 2016 சட்டம் அதை 21 ஆக விரித்து, அரசு வேலை ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. ஒருவருக்கு ஏற்றபடி நியாயமான மாற்றம் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று வரையறுத்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், என்ன வசதி செய்து தருகிறோம் என்று கொள்கை அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்கின்றன 2017 விதிகள். தனியாருக்கு ஒதுக்கீடு மட்டும் கட்டாயமில்லை. பொதுக் கட்டிடங்களைத் திருத்தத் தந்த 5 வருஷக் கெடு 2022இல் முடிந்தது. அணுகல் தரங்களைக் கட்டாய விதியாக்காமல் வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது செல்லாது என்று உச்சநீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8இல் சொல்ல வேண்டிவந்தது.

நண்பர்களே, கம்பெனியை மட்டும் ஏசிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. அன்று கையில் வைத்திருந்த அழைப்பிதழைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்: "என்ன கூட்டமுங்க தம்பி?" விளிம்புநிலை மக்களும் இலக்கியமும் என்றேன். "எங்கீங்க நடக்குது?" உடுமலையில், ஒரு மாடியில் என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்துவிட்டு பஸ் வருகிறதா என்று பார்த்தார். விளிம்பு பற்றி அதே அறையில் நான் மூன்று கட்டுரை வாசித்திருக்கிறேன். அங்கே எத்தனை படி என்று எண்ணியது போன வாரம்தான். 22.

அடுத்த கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வைப்போம். பள்ளிக்கூட வராந்தா போதும். அழைப்பிதழில் நாளும் நேரமும் போடுகிற மாதிரி, எத்தனை படி என்பதையும் அச்சடிப்போம். அந்த அண்ணனுக்கு முதல் அழைப்பிதழை நானே கொண்டுபோய்த் தருகிறேன். வருவதும் வராததும் அவர் இஷ்டம்.